பாஸ் ஆகிறார்கள், ஆனால் கணக்கு வரவில்லை... பள்ளி கணித ஆசிரியர்கள் சந்திக்கும் சவால்கள் என்ன? முழு விளக்கம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் எல்லா சேனலிலும் ஓடும் ஒரு வரி உண்டு. கணிதத்தில் எத்தனை பேர் சென்டம்? 2024-ம் ஆண்டு அந்த எண்ணிக்கை 20,691. அடுத்த வருஷம், 2025-ல், வெறும் 1,996. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காகக் குறைந்துபோனது. ஆனால் அதே இரண்டு வருஷத்தில் ஒட்டுமொத்த தேர்ச்சி 91.55 சதவீதத்திலிருந்து 93.80 சதவீதமாக உயர்ந்தது.

அப்படியானால் பிள்ளைகளுக்குக் கணக்கு நல்லா வருகிறதா, இல்லையா? இந்த எண்கள் அதற்குப் பதில் சொல்லாது. கேள்வித்தாள் கொஞ்சம் கஷ்டமாக இருந்தால் சென்டம் குறையும், எளிதாக இருந்தால் கூடும். உண்மையான பதில் வகுப்பறைக்குள் இருக்கிறது. 6 முதல் 10 வரை பாடம் எடுக்கும் கணிதப் பட்டதாரி ஆசிரியர்கள் தினமும் என்னென்ன சிக்கலைச் சந்திக்கிறார்கள்? அது உங்கள் வீட்டுப் பிள்ளையை எப்படிப் பாதிக்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மேல் வகுப்புக்குப் போகப் போக என்ன ஆகிறது?

மத்திய அரசு 2024 டிசம்பரில் நாடு முழுக்க ‘பரக்’ என்ற கற்றல் அடைவு ஆய்வை நடத்தியது. 3, 6, 9 ஆகிய வகுப்புகளைச் சேர்ந்த 21 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் இதில் பங்கேற்றார்கள். கணிதத்தில் தேசிய சராசரி இதுதான்:

- 3-ம் வகுப்பு: 60 சதவீதம்
- 6-ம் வகுப்பு: 46 சதவீதம்
- 9-ம் வகுப்பு: 37 சதவீதம்

மூன்று வகுப்பிலும் தேர்வு எழுதியவர்கள் வேறு வேறு பிள்ளைகள், கேள்விகளும் வேறு. அதனால் இதை அப்படியே ஒரே மாணவரின் கதையாகப் படிக்க முடியாது. ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. 9-ம் வகுப்பில் சோதிக்கப்பட்ட பாடங்களிலேயே குறைந்த சராசரி கணிதத்துக்குத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ‘அசர்’ அமைப்பு 2023-ல் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு நடத்தியது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொன்னபோது, சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவீதம் பேர் மட்டுமே. இது தொடக்கப் பள்ளியிலேயே முடிந்திருக்க வேண்டிய கணக்கு.

கணக்கில் மட்டும் ஏன் இப்படி?

சமூக அறிவியலில் ஒரு பாடம் நடத்தும்போது லீவு போட்டால், அடுத்த பாடத்தைப் புதிதாகத் தொடங்கிப் படித்துவிடலாம். கணக்கு அப்படி இல்லை. அது படிக்கட்டு. நடுவில் ஒரு படி இல்லையென்றால் மேலே ஏற முடியாது.

ஒரு உதாரணம். பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் விகிதமுறு கோவைகளைக் கூட்டச் சொல்வார்கள். அதற்கு 6-ம் வகுப்பில் படித்த பின்னக் கூட்டல் தெரிய வேண்டும். பின்னக் கூட்டலுக்கு மீச்சிறு பொது மடங்கு தெரிய வேண்டும். அதற்கு வாய்ப்பாடு தெரிய வேண்டும். வாய்ப்பாட்டிலேயே தடுமாறும் மாணவருக்கு, பத்தாம் வகுப்பு ஆசிரியர் எவ்வளவு அழகாக நடத்தினாலும் எதுவும் உள்ளே போகாது.

ஆக, உயர்நிலை வகுப்பு கணித ஆசிரியரின் பெரிய சவால், அவர் நடத்த வேண்டிய பாடத்தில் இல்லை. அதற்கு முன்னால் நடந்து முடிந்திருக்க வேண்டிய பாடங்களில் இருக்கிறது.

ஒரே வகுப்பறையில் ஐந்து வகுப்பு

9-ம் வகுப்பில் 40 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிலர் அடுத்த பாடத்தையே வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள். சிலருக்கு 7-ம் வகுப்புக் கணக்கு வரைக்கும் வரும். இன்னும் சிலருக்குக் கழித்தலில் கடன் வாங்குவதே சந்தேகம். எல்லோருக்கும் ஒரே பாடநூல், ஒரே தேர்வு.

ஒரு பீரியட் சுமார் 40 நிமிஷம். தலைக்கு ஒரு நிமிஷம் என்று ஒதுக்கினாலே நேரம் முடிந்துவிடும். மெல்லக் கற்போருக்காக நின்று நடத்தினால், முன்னால் இருப்பவர்களுக்கு போரடிக்கும், போர்ஷனும் முடியாது. வேகமாகப் போனால் பின்னால் இருப்பவர்கள் போர்டில் இருப்பதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நோட்டைப் பார்த்தால் எல்லாக் கணக்கும் சரியாக இருக்கும். கேட்டால் ஒரு வரிக்கும் விளக்கம் வராது.

கல்வி உரிமைச் சட்டப்படி 8-ம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது. 2019-ல் வந்த திருத்தம், விரும்பும் மாநிலங்கள் இதை மாற்றிக்கொள்ள வழி விட்டது. தமிழ்நாட்டில் 5, 8-ம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதை அரசு திரும்பப் பெற்றது. ‘எல்லோரையும் பாஸ் போடுவதுதான் பிரச்னை’ என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஆனால் ஃபெயில் ஆக்கினால், புரியாத அதே பாடத்தை அதே மாதிரி இன்னொரு வருஷம் கேட்பார் அந்த மாணவர். அதோடு படிப்பையே நிறுத்திவிடும் ஆபத்தும் இருக்கிறது. நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதைவிட, விட்டுப்போன பாடத்தை எப்போது, யார் சொல்லித் தருவது என்பதுதான் கேள்வி.

கொரோனா விட்டுச் சென்ற இடைவெளி

இந்த விஷயத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள். 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பில் இருந்த மாணவர், பள்ளிகள் மூடப்பட்ட 2020 மார்ச்சில் 4-ம் வகுப்பில் இருந்தவர். அவரது 5-ம் வகுப்பு முழுக்க வீட்டிலேயே போனது. 6-ம் வகுப்புக்காக அவர் பள்ளிக்குள் நுழைந்தது 2021 நவம்பர் 1-ம் தேதிதான்.

பின்னங்கள், மைனஸ் எண்களை உள்ளடக்கிய முழுக்கள், எழுத்துகளை வைத்துக் கணக்குப் போடும் இயற்கணித அறிமுகம் எல்லாம் 6-ம் வகுப்பில் வரும் பாடங்கள். உயர்நிலை வகுப்புக் கணிதத்துக்கு இவைதான் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரம் போட வேண்டிய நேரத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தது. அதன் விளைவுகளை ஆசிரியர்கள் அதற்கடுத்த வருஷங்களில் வகுப்பில் பார்க்கிறார்கள்.

அடிக்கடி வரும் தப்புகள் எவை?

எந்த ஊர்ப் பள்ளியில் விடைத்தாளைத் திருத்தினாலும் இந்தத் தப்புகள் வரிசையாக வரும்:

- 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். சரியான விடை 5/6.
- 0.25 என்பது 0.3-ஐ விடப் பெரியது என்று நினைப்பது. காரணம், 25 என்பது 3-ஐ விடப் பெரியது.
- ‘ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்’ என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று முடித்துவிடுவது. எண்ணைப் போட்டுப் பார்த்தால் தப்பு தெரிந்துவிடும். 3+4-ன் வர்க்கம் 49. ஆனால் 9+16 வெறும் 25தான்.
- சைன் 60 டிகிரி என்பதை ‘சைன் பெருக்கல் 60’ என்று எடுத்துக்கொள்வது.
- இறக்கக்கோணத்தைப் படத்தில் தப்பான இடத்தில் குறிப்பது. மேலே நிற்பவரின் கண் மட்டத்தில், கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டிய கோணம் அது. பலர் அதைச் செங்குத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள்.

இவை கவனக்குறைவால் வரும் தப்புகள் இல்லை. மாணவர் தன் மனதில் ஒரு விதியை உருவாக்கி வைத்திருக்கிறார், அதை நம்பிக்கையோடு பயன்படுத்துகிறார். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டால் அந்த விதி போகாது. அது ஏன் தப்பு என்று அவரையே கண்டுபிடிக்க வைக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும்.

மைனஸ் இன்ட்டு மைனஸ் ஏன் பிளஸ்?

இந்தக் கேள்வியை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால் என்ன பதில் வரும்? ‘அது ஃபார்முலா, மனப்பாடம் பண்ணு’ என்பது சுலபமான பதில். இன்னொரு வழியும் இருக்கிறது. போர்டில் இப்படி எழுதலாம்:

-3 × 2 = -6
-3 × 1 = -3
-3 × 0 = 0

விடை ஒவ்வொரு வரியிலும் 3 கூடிக்கொண்டே வருகிறது. அப்படியானால் அடுத்த வரி? -3 × -1 = 3 என்றுதான் வந்தாக வேண்டும். முறையான நிரூபணம் இது இல்லை. ஆனால் ‘ஏன்’ என்று கேட்ட பிள்ளைக்கு இது போதும்.

பி.எஸ்சி. கணிதத்தில் மெய்யெண் பகுப்பாய்வு, நுண்கணிதம் என்று உயர்கணிதம் சொல்லித் தருவார்கள். பி.எட். படிப்பில் கற்பித்தல் முறைகள் வரும். ஆனால் 13 வயதுப் பிள்ளைக்கு மைனஸ் எண்ணை எப்படிப் புரிய வைப்பது, பின்னத்தில் எந்த இடத்தில் குழம்புவார்கள் என்பதையெல்லாம் பெரும்பாலும் ஆசிரியர்கள் வேலைக்கு வந்த பிறகு தாங்களாகவேதான் கற்றுக்கொள்கிறார்கள்.

மொழியும் ஒரு சுவர்

தமிழ் மீடியம் என்றால் எல்லாம் எளிதாகப் புரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம், பல்லுறுப்புக் கோவை... இவற்றை வீட்டில் யாரும் பேசுவதில்லை. மீ.பொ.ம. என்றால் மீச்சிறு பொது மடங்கு, மீ.பொ.வ. என்றால் மீப்பெரு பொது வகுத்தி. இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். தேர்வுப் பதற்றத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டு வருவார்கள்.

ஆங்கில மீடியத்தில் சிக்கல் வேறு மாதிரி. அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் படிப்படியாக விரிவாக்கப்பட்டன. பல பள்ளிகளில் இரண்டு பிரிவுக்கும் ஒரே ஆசிரியர்தான். ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு, தமிழில் விளக்குவார். கணக்கு புரியும். ஆனால் தேர்வில் நான்கு வரி ஆங்கிலக் கேள்வியைப் படித்து, எதைக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதிலேயே மாணவர் நின்றுவிடுவார். வாழ்க்கைக் கணக்குகளை, அதாவது ‘வேர்டு ப்ராப்ளம்’ எனப்படும் கேள்விகளைப் பலர் தொடாமலேயே விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

35 மார்க் ‘ஃபார்முலா’

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான இடம். பத்தாம் வகுப்பு கணித வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு. அதன் அமைப்பு இப்படி:

- ஒரு மதிப்பெண்: 14 கேள்விகள், 14 மார்க்
- இரண்டு மதிப்பெண்: 14-ல் 10 எழுத வேண்டும், 20 மார்க்
- ஐந்து மதிப்பெண்: 14-ல் 10 எழுத வேண்டும், 50 மார்க்
- எட்டு மதிப்பெண்: வடிவியலில் ஒன்று, கிராஃபில் ஒன்று, 16 மார்க்

பாஸ் மார்க் 35. இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரு மதிப்பெண் 14, வடிவியலும் கிராஃபும் 16, ஆக மொத்தம் 30. கூடவே மூன்று இரண்டு மதிப்பெண் கேள்விகள் எழுதினால் 36. அவ்வளவுதான், பாஸ்!

அதனால்தான் ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும், மெல்லக் கற்போரைத் தனியாக உட்காரவைத்து வடிவொத்த முக்கோணம் வரைவது, தொடுகோடு வரைவது, கிராஃப் போடுவது, புத்தகத்தின் பின்னால் இருக்கும் ஒரு மதிப்பெண் விடைகள் என்று திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்கிறார்கள். தேல்ஸ் தேற்றத்தைச் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்ய வைப்பார்கள். முக்கோணத்தின் பெயரை மாற்றிக் கேட்டால் எழுதத் தெரியாது.

கிராஃபிலும் இதே கதைதான். அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, வளைவரையை அழகாக வரைந்துவிடுவார் மாணவர். அந்த வளைவரை எக்ஸ் அச்சை வெட்டும் இடம்தான் சமன்பாட்டின் தீர்வு, அது ஏன் என்று கேட்டால் பதில் வராது.

ஆசிரியர்களை மட்டும் இதில் குறை சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆனால் ஒரு மாணவரின் அடுத்த கதவே அடைபடும். மார்ச் மாதத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பின்னத்திலிருந்து தொடங்கி முழுதாகப் புரிய வைப்பதா, 35 வாங்க வைப்பதா என்ற நிலையில் பெரும்பாலான ஆசிரியர்கள் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ரிசல்ட் வந்ததும் தலைமையாசிரியர் முதல் மாவட்ட அதிகாரி வரை கேட்கப்போவதும் தேர்ச்சி சதவீதத்தைத்தான். எத்தனை பேருக்குப் புரிந்தது என்று எந்தக் கூட்டத்திலும் கேட்பதில்லை.

நேரம் எங்கே போகிறது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு கல்வி சாராத பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் இந்த மூன்றுமே நாள்கணக்கில் நேரம் எடுப்பவை. பள்ளிக்கு உள்ளேயும் எமிஸ் பதிவுகள், நலத்திட்டப் பொருள் விநியோகம், பயிற்சிக் கூட்டங்கள் என்று வேலைகள் இருக்கின்றன.

கணக்கில் இது கூடுதலாக வலிக்கும். ஒரு மாணவரின் நோட்டில் விடை தப்பு என்றால், எந்த ஸ்டெப்பில் தடம் மாறியது என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். நான்கு வகுப்பு, வகுப்புக்கு 40 பேர் என்றால் 160 நோட்டு. அதை ஒழுங்காகத் திருத்த நேரம் கிடைக்காதபோது, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் விழும்.

‘எனக்கும் கணக்கு வராது’

வகுப்பறைக்கு வெளியே ஆசிரியர் எதிர்கொள்ளும் சவால் இது. தமிழ் படிக்க வராது என்று யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் ‘எங்க குடும்பத்துக்கே கணக்கு வராது சார்’ என்று பெற்றோர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதைக் கேட்கும் பிள்ளை, முயற்சி செய்யாமல் இருக்க ஒரு காரணத்தைக் கற்றுக்கொள்கிறது. வகுப்பில் தப்பான விடை சொல்லிக் கேலிக்கு ஆளான பிள்ளை, அடுத்த முறை கை தூக்காது. சந்தேகம் கேட்காத வகுப்பில், யாருக்கு எங்கே சிக்கல் என்று ஆசிரியருக்கும் தெரியாது.

அரசு என்ன செய்கிறது?

தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவும் எண்ணறிவும் உறுதியாக வேண்டும் என்று 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 1 முதல் 3-ம் வகுப்பு வரை தொடங்கப்பட்டது. பிறகு 4, 5-ம் வகுப்புகளுக்கும் விரிவானது. கொரோனா இடைவெளிக்காக 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 6 முதல் 9-ம் வகுப்பு வரை அடிப்படையில் பின்தங்கியவர்களுக்காக 2025-ல் ‘திறன்’ திட்டம் வந்தது. தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றிலும் அடிப்படையை மீட்டுத் தருவது இதன் நோக்கம்.

சி.பி.எஸ்.இ. வேறு வழியை எடுத்தது. 2020 பொதுத்தேர்வு முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என்று இரண்டு வினாத்தாள். மேற்கொண்டு கணிதம் படிக்க விரும்பாதவர்கள் எளிதான தாளை எழுதலாம். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தாள்தான். இரண்டு தாள் வந்தால் பயம் குறையும் என்பது ஒரு வாதம். 15 வயதிலேயே ‘உனக்கு இவ்வளவுதான்’ என்று பிரித்துவிடுவோம், அதில் ஏழைப் பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுவார்கள் என்பது எதிர்வாதம்.

பாஸ் ஆனால் போதாதா?

36 மார்க்கோடு வெளியே வரும் மாணவருக்கு, பிளஸ் ஒன்னில் முதல் குரூப் எடுப்பது கஷ்டம். சரி, கணக்கே இல்லாத குரூப் எடுத்துக்கொள்ளலாம் என்று போவார்கள். ஆனால் கணக்கு அதோடு விடுவதில்லை. பாலிடெக்னிக் போனால் முதல் வருஷமே கணிதம் இருக்கிறது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 கேள்வி. அதில் 25 கேள்விகள் திறனறிவுப் பகுதி. விகிதம், சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.பொ.ம., பரப்பளவு என்று கிட்டத்தட்ட எல்லாமே பத்தாம் வகுப்புக்குள் படித்தவை. ஒன்றிரண்டு கேள்வியில் வேலை கைநழுவும் தேர்வு இது. பள்ளியில் ‘சாய்ஸில்’ விட்ட பாடத்தை, 25 வயதில் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டிப் படிக்கிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். நகைக்கடன் வட்டியும் பைக் லோன் தவணையும் இதே கணக்குத்தான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

உங்கள் பிள்ளை 8 அல்லது 9-ம் வகுப்பில் இருந்தால், மார்க் ஷீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். திட்டாமல், நேரம் கொடுத்து:

1. 1/2 + 1/3 எவ்வளவு? (விடை: 5/6)
2. -5 + 3 எவ்வளவு? (விடை: -2)
3. 480-ல் 25 சதவீதம் எவ்வளவு? (விடை: 120)
4. ஒரு எண்ணின் இரண்டு மடங்கோடு 7-ஐக் கூட்டினால் 19. அந்த எண் எது? (விடை: 6)

எதில் தடுமாறுகிறாரோ, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தந்த வகுப்புப் பழைய பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம். தினம் 20 நிமிஷம் போதும். விடையைவிட ‘எப்படி வந்தது?’ என்று சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காது கொடுத்துக் கேட்டால் போதும். விளக்கிச் சொல்லும்போதே எங்கே சிக்குகிறது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அடுத்த முறை பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது ‘எத்தனை மார்க்?’ என்று மட்டும் கேட்காமல், ‘எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கு?’ என்று கணித ஆசிரியரிடம் கேளுங்கள். அதை 9-ம் வகுப்பு ஜூன் மாதத்திலேயே கேட்டால் சரிசெய்ய கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கையில் இருக்கும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் கேட்டால் கிடைப்பது அந்த 35 மார்க் ஃபார்முலா மட்டும்தான்.